எழுபத்திரண்டாவது ஆணி

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்தோத்திரம். ஐந்து மணிக்கு ஜெபம். இட்லிக்கு ஊறவைத்தேன். பாஸ்டரம்மாவின் வெள்ளை ஜாக்கெட்டுக்குக் கை வெட்டினேன். மூன்று ஜோடி செருப்பு முடித்தேன்.

மூன்றும் இன்றே போய்விட்டன. ஹாஜிரா பீ வீட்டுக்கும் பிலவேந்திரன் சார் வீட்டுக்கும் மகள் பெர்சி ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏகாம்பரம் அண்ணன் தானே வந்தார். போட்டுக்கொண்டு வாசலில் நாலு நடை நடந்தார்.

"தங்கச்சி, கால்ல செருப்பு கீதா இல்லியான்னே தெர்ல."

லாரி ஓட்டிய காலத்தில் சர்க்கரையால் இரண்டு விரலை இழந்தவர். செங்கல்லைத் தூக்கிப் போட்டாலும் அவர் காலுக்குத் தெரியாது. ஆனாலும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நான் யாரிடமும் போய்க் கற்றவள் இல்லை. ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து ஜாக்கெட் தைத்தேன். செருப்பைப் பிரித்துப் பார்த்துச் செருப்பு தைத்தேன். என் வீட்டுக்காரர் பேரணாம்பட்டிலேயே ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறார். அவர் கொண்டுவந்த துண்டுத் தோலில்தான் முதல் ஜோடி. சர்க்கரை ஆஸ்பத்திரியில் கால் பார்க்கும் இன்பராணி சிஸ்டர் நாலு வருடத்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்ன முதல் பாடம், செருப்பில் ஆணி கூடாது. "நம்ம கால்ல ஆணி ஏறினா நொண்டுவோம், சலோமி. இவங்க காலுக்கு வலி தெரியாது. நடந்துக்கிட்டே இருப்பாங்க."

ஆனால் ஆணி இல்லாமல் வேலை ஆகாது. வாரை இழுத்து கால் வடிவ மரக்கட்டையில் பொருத்தினால் பசை காயும்வரை அது அசையக் கூடாது. அதற்காக முக்கால் அங்குல ஆணியைக் காலுக்குப் பன்னிரண்டாக அடித்து வைப்பேன். காய்ந்ததும் குறடால் பிடுங்கிவிடுவேன். பழைய தைல டப்பாவில் எழுபத்திரண்டு ஆணி இருக்கிறது. மூன்று ஜோடிக்குச் சரியாக வரும். எத்தனை எடுத்தேன், எத்தனை திரும்பியது என்று அளவு நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுதிவிடுவேன்.

போனது 72. வந்தது 72.

ஆறு மணிக்குப் பெண்கள் ஜெபம். ஓட்டமாய் ஓடினேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

புது ஜோடிக்காக டப்பாவைக் கொட்டினேன். எழுபத்தொன்று.

மறுபடி எண்ணினேன். பத்துப் பத்தாகக் குவித்தேன். ஏழு குவியலும் ஓர் ஆணியும்.

நோட்டில் 72 என்று எழுதியிருப்பது என் கைதான். ஆனால் நேற்று நான் எண்ணவில்லை. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. நாலு வருடத்தில் ஒருநாளும் குறைந்ததில்லை. எண்ணை முதலில் எழுதிவிட்டு, ஆணிகளை அள்ளி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். ஆண்டவரே, நான் எழுதியது பொய்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலை அறை முழுவதும் இழுத்தேன். மெஷினுக்கு அடியிலும் தேடினேன், தோல் மூட்டைக்குப் பின்னாலும் தேடினேன். மூன்று குண்டூசியும் ஒரு ஜாக்கெட் கொக்கியும் வந்தன. ஆணி வரவில்லை. தரையில் இல்லை என்றால் செருப்பில்தான் இருக்க வேண்டும். மூன்று ஜோடியில் எதில்?

"ஒரு ஆணிக்கா இப்டி வேர்த்து ஊத்துது உனக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அது யாரு காலுக்கு அடியில கீதுன்னு தெரியலியேங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

பெர்சிதான் ஊசி கோத்துக் கொடுத்தாள். இப்போதெல்லாம் ஊசிக் கண் எனக்குப் பிடிபடவில்லை. வயது நாற்பத்தாறு ஆகிறது, அவ்வளவுதான். கோத்துக்கொண்டே என் காலைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பஞ்சு மாதிரி செருப்பு தைக்கிற. உன் செருப்பப் பாரு, குதிகால் தேஞ்சு வெத்தல மாதிரி ஆயிட்டுது. அதையும் வீட்டுக்குள்ள போட்டுனு திரியிற."

சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கிறது. அதனால்தான் போடுகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

ஹாஜிரா பீ வீட்டுக்குப் போனேன். எழுபது வயது, மசூதித் தெரு. கதவைத் திறந்ததும் நான் கேட்டது, "செருப்பு எங்கம்மா?"

"அரே, சலாம் கெடையாது, சௌக்கியமா கெடையாது, செருப்பு எங்கேன்னு கேக்குது பாரு! குடுத்தத திருப்பி வாங்க வந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு செருப்பையும் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, கட்டிலில் காலை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்துப் பாதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொருவருக்கும் செருப்போடு ஒரு கைக்கண்ணாடியும் கொடுப்பது என் வழக்கம். தினமும் படுக்கும் முன் கண்ணாடியில் பாதத்தைப் பார்க்க வேண்டும். போடும் முன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும். இதை ஜெபம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்புவேன்.

காந்தத்தை வைத்துத் தேய்த்தேன். மெத்தைத் தோலைக் கத்தியால் கீறி உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து திரும்பத் தைத்துக் கொடுத்தேன்.

தாகம். ஒரு சொம்பு குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

"ஒட்டகம் மாதிரி குடிக்கிறியேம்மா. எனக்கு சுகர் வந்தப்ப இப்டித்தான் இருந்துச்சு."

"வெயிலும்மா" என்றேன்.

தை மாதத்திலேயே இந்த ஊரில் வெயில் இப்படி.

பிப்ரவரி 6, வியாழன்

ஏகாம்பரம் அண்ணனின் போன் அணைந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தோம். திங்கள் இரவே புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கோலார் தங்கவயலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

குளியலறையில் எறும்பு. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எறும்பு சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. டிக். கொஞ்சம் விட்டு, டிக்.

பிப்ரவரி 8, சனி

பிலவேந்திரன் சாரை நேற்றே பார்த்திருக்க வேண்டும். வேளாங்கண்ணி போயிருந்தவர் இன்று காலைதான் திரும்பினார். பெர்சியை முன்னால் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன். "மா, சாருக்குப் பாதத்துல புண்ணு. ரத்தம் காஞ்சி கீது."

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. சார் முப்பது வருடம் கணக்கு வாத்தியார், கடைசியில் ஹெட்மாஸ்டர். நாற்காலியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். இடது பாதத்தில் ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. செருப்பைப் பிரித்தேன். அவசரத்தில் கத்தி என் விரலைக் கீறியது. இரண்டிலும் ஒன்றும் இல்லை.

"உன் செருப்புல ஒண்ணும் இருக்காது" என்றார் சார். "கோயில் மணல்ல வெறுங்காலோட நடந்தேன். மத்தியானம் ஒரு மணி. கொதிச்சிருக்கு. எனக்கென்ன தெரியும்? மாதாவுக்கு நேர்ந்தது, செருப்போட எப்படிப் போறது?"

"சார், தரைய கையால தொட்டுப் பாத்துட்டு நடங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!" அழுதுவிட்டேன்.

அவர் அழுகைக்கெல்லாம் மசிகிறவர் இல்லை. "அது இருக்கட்டும். எழுபத்திரண்டு போய் எழுபத்தொண்ணு வந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கணுமே? மறுநாள் எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன்.

"எண்ணிட்டு எழுதுறதுதான் கணக்கு. எழுதிட்டு எண்ணினா அது ஆசை" என்றார்.

இரவு இட்லி. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்னும் ஒரு ஜோடிதான் பாக்கி. அப்படியென்றால் அது அதில்தான் இருக்கிறது.

ஒரு வாரம் ஆயிற்று. அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டிலும் பேரப்பிள்ளைகளோடும் கடைத்தெருவிலும் அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார். ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் கால் வருகிறது. இருக்கும் மூன்று விரலோடு படி ஏறிக்கொண்டே இருக்கிறது.

இன்று முதல் மூன்று நாள் அவருக்காக உபவாசம். தண்ணீர் மட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அந்தச் சத்தம் நான் நடந்தால் கேட்கிறது. நின்றால் நின்றுவிடுகிறது. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருகையில் பின்னாலேயே வருகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஜெபிக்கத் தொடங்கினால் போய்விடுகிறது. இன்று ஒரு மணி நேரம் கூடத்தில் நடந்து நடந்து ஜெபித்தேன். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஜெபம் முடிந்து செருப்பை மாட்டி அடுக்களைக்குப் போனேன். டிக்.

ஜெபத்துக்குப் பயப்படுகிற சத்தம் என்றால் அது எங்கிருந்து வருவது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

பெர்சி பொத்தான் டப்பாவில் கொக்கி தேடியிருக்கிறாள். அடியில் வைத்திருந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நாலு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்காதது.

"இது இன்னாமா?"

"பழசு."

"டிசம்பர் மாசம் வாங்கினதுன்னு பில்லு கீது."

"அதான் சொல்றனே, பழசு. எனக்கு இப்ப எதுக்கு மாத்திரை? நான் நல்லாத்தான கீறேன்."

"சபையில சாட்சி சொன்னா சரியாப் பூடுமா?"

அறைந்துவிட்டேன். பத்தொன்பது வயதுப் பெண்ணை. அவள் அழவில்லை. அட்டைகளை என் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இருநூறு பேர் முன்னால் மைக்கில் சொன்னவள் நான். அந்தக் காரியத்திலிருந்து கர்த்தர் எனக்கு விடுதலை தந்தார் என்று சொன்னேன். அன்று உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. மனதில் பட்டதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

"வீட்ல பல்லி கத்துதா?" என்று அவர் கேட்டார். அவருக்கும் கேட்கிறது! கொஞ்சம் நிம்மதி. அப்புறம் அதிகப் பயம்.

பிப்ரவரி 15, சனி

வேலை அறையில் வாடை. ஊறப்போட்ட தோல் ஏதோ கெட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஒன்றும் கெடவில்லை. பினாயில் விட்டுக் கழுவினேன். இரவு கூடத்திலும் அதே வாடை. படுக்கையிலும்.

கால்மிதியில் பழுப்புக் கறை. சாயப் பாட்டில் எங்கேயோ கசிகிறது. தேடிப் பார்க்க வேண்டும். தெம்பு இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போகையில் பார்த்தேன், என் ஜாக்கெட் தொளதொளவென்று நிற்கிறது. பக்கத்துக்கு ஓர் அங்குலம் பிடித்துத் தைத்தேன். போன மாதமும் அரை அங்குலம் பிடித்த நினைவு. உபவாசத்தால்.

தைத்த வெள்ளை ஜாக்கெட்டை பாஸ்டரம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "சிஸ்டர், ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துல உங்க சாட்சிய இன்னொரு தரம் சொல்லணும். பாக்கியம் சிஸ்டர் இல்ல, அவங்களும் உங்கள மாதிரியே விசுவாசத்துல மாத்திரைய நிறுத்திட்டாங்களாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று எப்படிச் சொன்னேன்?

பாக்கியம் சிஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். அவருக்குச் செருப்பு தைத்துக் கொடுத்ததும் நான்தான். அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் எழுதுகிற மாதிரிதான் அவருக்கும் எழுதியிருக்கிறேன். பெயர், பாதத்தின் கோடு, சர்க்கரை உண்டா, எத்தனை வருடம், உணர்ச்சி பத்துக்கு எத்தனை. கண்ணை மூடச் சொல்லி நைலான் நரம்பால் பாதத்தில் பத்து இடம் தொடுவேன். தெரியும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். பாக்கியம் சிஸ்டர் மூன்று "ம்" சொன்னார்.

இரவு முழுவதும் தூக்கம் இல்லை. ஆறு முறை எழுந்து குளியலறைக்குப் போனேன். போகையிலும் வருகையிலும் அது கூடவே வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காய்ச்சல். கஷாயம் வைத்துக் குடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

நடுக்கம். எழுத முடியவில்லை. கர்த்தாவே, ஏகாம்பரம் அண்ணனைக் காப்பாற்றும். ஆணி என்னுடையது. அவருடையது இல்லை.

பிப்ரவரி 22, சனி. ஆஸ்பத்திரி

இரண்டு நாளாக எழுதவில்லை. டைரியை பெர்சி கொண்டுவந்து கொடுத்தாள். வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு வாசலில், "தங்கச்சி!" என்று குரல். ஏகாம்பரம் அண்ணன். பேத்தி போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டாளாம். "ஊட்டுக்கு வந்தா பக்கத்தூட்டுக்காரம்மா சண்டைக்கு வருது. சலோமி தெனம் தெனம் வந்து உன்ன கேக்குது, இன்னா கடன் வாங்கின அதுங்கிட்டன்னு. நான் ஒண்ணும் வாங்கலியேம்மா!"

அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். முதலில் பாதத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தினம் கண்ணாடியில் பார்க்கிற கால். பிறகு செருப்பைப் பிரித்தேன். வார், மெத்தை, அடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். காந்தத்தை வைத்தேன்.

இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய இடம். பட முடியவில்லை. மூன்று ஜோடியிலும் இல்லை என்றால் அது எங்கே?

"இன்னாம்மா பேயடிச்சா மாதிரி நிக்கிற? கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

அடுக்களைக்கு நடந்தேன். டிக். டிக். டிக்.

"நில்லு" என்றார்.

நின்றேன்.

"நட."

நடந்தேன்.

"நில்லும்மா. அங்கியே நில்லு. காலத் தூக்காத."

அவர் குரல் மாறியிருந்தது. வெறுங்காலோடு எழுந்து வந்தார். "அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டு நாள் கேட்டுனு இருந்தேன். லாரி பெடல்ல இன்னாவோ லூசா கீதுன்னு நெனச்சேன். கிளீனர் பையன உட்டு முடுக்கச் சொன்னேன். அதுக்குள்ள ரெண்டு வெரலு போச்சி." என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, என் காலத் தொடாதீங்க."

"நீ என் கால எத்தினி தபா தொட்ட? சும்மா இரு."

வலது கால். செருப்பைக் கழற்றித் திருப்பினார். குதிகாலில், தேய்ந்து வெற்றிலையாகிவிட்ட ரப்பரின் அடியில், ஆணியின் தலை தெரிந்தது. பதினேழு நாள் சிமெண்டில் உரசிப் புதுக்காசு மாதிரி பளபளத்தது. மேலே அரை அங்குலம் முனை நீட்டிக்கொண்டிருந்தது. காந்தத்தை இழுத்துக்கொண்டு நான் வீடெல்லாம் தேடிய நாளிலும் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.

"குறடுலேர்ந்து தெறிச்சி உழுந்திருக்கும்" என்றார். அப்புறம் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி கேட்டேன். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். பொத்தான் அளவுக்குக் கறுப்பு. நடுவில் குழி. சுற்றிலும் வீங்கி வேறு நிறம். அறையிலும் கூடத்திலும் படுக்கையிலும் நான் தேடிய வாடை அங்கே இருந்தது.

அவர் அதன் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

இன்னும் அழுத்தினார். "இப்ப?"

"இல்ல."

"வலிக்குதுன்னு சொல்லு தங்கச்சி" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். "பொய்யாவாச்சும் சொல்லு."

நான் சொல்லவில்லை. பொய் போதும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இன்பராணி சிஸ்டர்தான் விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலு வருடமாக மற்றவர்கள் காலோடு நான் உட்கார்ந்திருந்த அறை அது.

"எத்தனை நாளா மாத்திரை இல்ல, சலோமி?"

"ஜனவரி ஒண்ணுலேர்ந்து, சிஸ்டர்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதவுப் பக்கம் திரும்பி ஸ்ட்ரெச்சர் கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டரம்மா வந்தார். நான் தைத்த வெள்ளை ஜாக்கெட். ஜெபிக்கக் கையை எடுத்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"பாக்கியம் சிஸ்டர்கிட்ட போங்க. மாத்திரைய இன்னைக்கே போடச் சொல்லுங்க. மொதல்ல அது. அப்புறம் வந்து ஜெபம் பண்ணுங்க."

"சிஸ்டர்..."

"நான் பாத்து சொன்ன சாட்சி இல்ல பாஸ்டரம்மா. நடக்கணும்னு சொன்னது. நடந்துச்சான்னு பாக்கல."

கையை மெல்ல இறக்கினார். "நானும் கைதட்டினேன். டாக்டர்கிட்ட போய்க் காட்டினீங்களான்னு கேக்கல" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. பாக்கியம் சிஸ்டர் மாத்திரை போட்டுக்கொண்டார். கால் இரண்டும் சுத்தமாக இருக்கிறது. பாஸ்டரம்மாவே கண்ணாடி பிடித்துப் பார்த்தாராம்.

ஸ்தோத்திரம். இன்று இதற்கு மட்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மயக்க மருந்து அதிகம் தேவைப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். அவருக்கு அது சாதாரணப் பேச்சு.

எலும்பு வரை போயிருக்கிறது. மார்ச் பன்னிரண்டாம் தேதி மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்திருக்கலாமா என்று சொல்வார்களாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று கூட்டம். எனக்குப் பதிலாக யார் பேசினார்கள் என்று கேட்கவில்லை. மைக்கும் விளக்கும் கண்ணில் வந்துகொண்டே இருந்தன. அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே தூங்கிவிட்டார், தோல் வெட்டுகிற கத்தியால் தழும்பேறிய கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. பயமாக இருக்கிறது. ஜெபிக்கையிலும் பயமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஜெபித்தால் பயம் போக வேண்டும் என்று நினைப்பேன். இப்போது இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

மார்ச் 2, ஞாயிறு. வீடு

நேற்று அனுப்பிவிட்டார்கள். வலது காலை ஊன்றக் கூடாது. தினம் கட்டு மாற்ற நர்ஸ் வருவார்.

ஏகாம்பரம் அண்ணன் அந்த ஆணியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். கொண்டுவந்து கொடுத்தார். டப்பாவில் போட்டேன். பெர்சியை எண்ணச் சொன்னேன். எழுபத்திரண்டு. பிப்ரவரி மூன்றாம் தேதிப் பக்கத்தில் பழைய எண்ணை அடித்து, "வந்தது 71. ஒன்று பிப்ரவரி 20 அன்று வந்தது, என் செருப்பில்" என்று எழுதினேன்.

ஊன்றுகிற இடது காலுக்காவது சரியான செருப்பு வேண்டும் என்று இன்பராணி சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். "நீயே உனக்குக் கோடு போட முடியாது, பொண்ண போடச் சொல்லு" என்றார்.

பெர்சி பழுப்புத் தாளைத் தரையில் விரித்தாள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்தாள். சாய்த்தால் அளவு தப்பும் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. பார்த்துப் பழகியிருக்கிறாள். அறைந்த கன்னம் என் பக்கம் இருந்தது. "பெர்சி, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"காலு ஆடுது, சும்மா இரு" என்றாள்.

பாதத்தின் கோடு முழுதாக வந்தது. அவள் நைலான் நரம்பை எடுத்தாள். "கண்ண மூடு. தெரியறப்ப 'ம்' சொல்லணும். ஏமாத்தக் கூடாது."

கண்ணை மூடினேன். கூடத்து மின்விசிறிச் சத்தம். தெருவில் யாரோ குடத்தை இழுத்துப் போகிறார்கள். காத்துக்கொண்டிருந்தேன். நரம்பைத் தேடுகிறாள் போலிருக்கிறது, நேரம் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஆரம்பிம்மா" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். பெர்சி என் காலடியில் நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"முடிச்சிட்டேம்மா" என்றாள். "ரெண்டு தபா."

நோட்டை வாங்கி நானே எழுதினேன். பெயர்: சலோமி. சர்க்கரை: உண்டு. ஆறு வருடம். உணர்ச்சி: பத்துக்கு ஒன்றும் இல்லை.

எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.